பழைய டீசல் ஜீப்: எந்தச் சத்தத்துக்கு எங்கே பார்க்க வேண்டும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏலக்காய்த் தோட்டம். 2003இலிருந்து ஒரே ஜீப்பில்தான் போய் வருகிறேன். 1994 மாடல் மகிந்திரா எம்எம் 540. பெஜோ வடிவமைத்த 2,112 சிசி டீசல் இன்ஜின், 62 குதிரைத்திறன், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கோளாறு என்றால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்து சொல்லாது. சத்தம், வாடை, ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும் நடுக்கம், நிறுத்திய இடத்தில் தரையில் விழும் சொட்டு, இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தனை வருடத்தில் தேய்ந்த சாமான்களுக்கு நான் கொடுத்த காசைவிட, தேயாத சாமான்களைக் கழற்றி எறிந்து புதிது போட்டதற்குக் கொடுத்த காசுதான் அதிகம். ஒரே நடுக்கத்துக்கு நாலு காரணம் இருக்கும். நாலையும் மாற்றினால் எப்படியும் சரியாகிவிடும், ஆனால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும், அடுத்த முறை மறுபடி நாலையும் மாற்ற வேண்டி வரும். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத சோதனையை முதலில் சொல்கிறேன். ஸ்பேனரும் பர்ஸும் அதற்கு அப்புறம்.

ஸ்டார்ட் ஆகிறது, ஒரு நிமிடத்தில் நின்றுபோகிறது

டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறது. பத்துக்கு எட்டு முறை இதுதான். டாங்கில் டீசல் குறைவாக இருந்து, வண்டி சரிவில் நின்றிருந்தால் உறிஞ்சும் குழாயின் முனை டீசலுக்கு வெளியே வந்துவிடும். மலையில் கால் டாங்குக்குக் கீழே விடாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

டாங்க் நிறைய இருந்தும் காற்று வருகிறது என்றால் குழாயில் ஓட்டை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எங்கேயாவது டீசல் கசிகிறதா என்று கீழே படுத்துத் தேடுவார்கள், ஈரமே இருக்காது. டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்து இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப்) வரை உள்ள குழாயில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே கீறல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வெளியே காய்ந்த குழாய், உள்ளே குமிழி.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஃபீட் பம்புக்குச் சற்று முன்னால் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு சாண் நீளம் போட்டு கிளிப் போடுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் குனிந்து பாருங்கள். ஆரோக்கியமான லைனில் ஹோஸுக்குள் எதுவும் அசைவது போலவே தெரியாது. ஓட்டை உள்ள லைனில் கடுகு அளவு குமிழிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடும். அப்புறம் டாங்க் பக்கமிருந்து ஒவ்வொரு கிளிப்பாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். எந்தக் கிளிப்பில் குமிழி நிற்கிறதோ அதுதான் இடம். என் வண்டியில் அது டாங்குக்கு மேலே இருந்த, பார்வைக்குப் புதிது போலவே இருந்த ஹோஸின் அடிப்பக்க வெடிப்பு.

இன்னொரு அடையாளம்: இரவில் முன்பக்கம் மேட்டைப் பார்த்து நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆகாது, பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் ஆகும். மேடு நோக்கி நின்றால் டீசல் திரும்ப டாங்குக்கே இறங்கிவிடுகிறது. இதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

காற்றை எடுப்பது எளிது. டீசல் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குரூவை ஒரு சுற்று தளர்த்தி, கைப் பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை, பிறகு குமிழியோடு டீசல், கடைசியில் சுத்தமான டீசல். பம்பை அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்க வேண்டும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நாசில் (இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் முனை) குழாய்களின் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடிப்பார்கள். அப்போது அந்த இடத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளி போலத்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாவி போட்டால் ‘டக்’ என்கிறது, சுற்றவில்லை

பேட்டரி வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் ஜம்ப் கேபிள் ஒன்றை எடுங்கள். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில், மறு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே சுற்றினால் பேட்டரியும் நல்லது, ஸ்டார்ட்டரும் நல்லது. எர்த் பட்டைதான் துருப்பிடித்திருக்கிறது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே இருக்கும் பின்னல் பட்டை மழை, சேறு, பனி எல்லாம் தின்னும். இரு முனையையும் பளபளக்கத் தேய்த்து மாட்டினால் போதும்.

மீட்டர் இருந்தால்: இன்ஜின் நிறுத்தி சில மணி நேரம் கழித்து பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஓடும்போது ஏறவில்லை என்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள்.

புகை

கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் கிளீனர். பழைய ஜீப்புகளில் அடியில் ஆயில் ஊற்றிய கிண்ணம் போன்ற ஏர் கிளீனர் இருக்கும். செம்மண் சாலையில் ஓடியிருந்தால் ஆயிலுக்குப் பதிலாக அதில் களிமண்தான் இருக்கும். கழுவிக் கோட்டளவுக்குப் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே ஊற்றவே கூடாது. வண்டி நன்றாகச் சாயும்போது அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் கொள்ளும். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான், ஆக்ஸிலரேட்டரை விட்டாலும், சாவியை எடுத்தாலும் தானாக வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆகிவிட்டால் பிரேக்கை முழுதாக மிதித்து, டாப் கியர் போட்டு கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் காற்று வழியைப் பலகை போன்ற ஒன்றால் மூட வேண்டும், கையால் அல்ல. ஏர் கிளீனர் சுத்தமாக இருந்தும் கறுப்பு வந்தால் நாசிலைச் சோதிக்கக் கொடுங்கள்.

வெள்ளை இரண்டு வகை. குளிர்ந்த காலையில் கண்ணைக் கரிக்கும் டீசல் வாடையோடு வந்து, சூடானதும் நின்றுவிட்டால் ஸ்டார்ட் ஆவதற்கு இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஒன்றிரண்டு போயிருக்கும். சூடான பிறகும் நிற்காமல், இனிப்பான வாடையோடு வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள தகடு, போயிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. நெடுநேரம் இறக்கத்தில் வந்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு மூச்சு நீலம் வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்.

ஏற்றத்தில் சூடு முள் ஏறுகிறது

பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும், அதற்கு மேல் இறங்கினால் வழுக்குகிறது. அடுத்து ரேடியேட்டரின் முன்பக்கம். சேற்றில் இறங்கி ஏறிய வண்டியில் துடுப்புகளுக்கு இடையே மண் காய்ந்து செங்கல் போல் நிற்கும். தண்ணீரை முன்னாலிருந்து அடித்தால் மண் இன்னும் உள்ளே போகும். இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, மெதுவான வேகத்தில் அடியுங்கள். ஓடைத் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உள்ளே உப்பும் துருவும் படிந்து குழாய்கள் அடைத்திருக்கும். அவசரத்துக்கு ஊற்றலாம். ஊர் வந்ததும் இறக்கிவிட்டு கூலன்ட் கலந்த தண்ணீர் போட வேண்டும்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் திறந்து முகமெல்லாம் வெந்தவர்களை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

50, 60இல் போகும்போது ஸ்டியரிங் படபடவென்று அடிக்கிறது

சின்னப் பள்ளத்தில் முன் சக்கரம் விழுந்ததும் ஸ்டியரிங் இரு பக்கமும் கையைப் பிய்க்கிற மாதிரி அடிக்கும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். இதுதான் என்னை அதிகம் அலையவைத்த கோளாறு. ஒரு பட்டறையில் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு) மாற்றினார்கள். நின்றது போல இருந்து இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. மறுபடி டை ராட் எண்ட், இம்முறை ஸ்டியரிங் டாம்பரும் (துடிப்பை அமுக்கும் ஷாக் அப்சார்பர்). அப்புறம் டயர் பேலன்சிங். ஏழெட்டு மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஒரு சாமானும் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் சொன்னார். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முன் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். டயரின் மேல் பக்கம் ஒரு கை, கீழ்ப் பக்கம் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ‘கடக் கடக்’ என்று ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். “தம்பி, நல்லா மிதிச்சுப் பிடிங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க” என்றார் அவர் என்னிடம். பிரேக் பிடித்ததும் சக்கரமும் டிரம்மும் பின் தட்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. இப்போது ஆட்டம் காணாமல் போனால் கோளாறு சக்கர பேரிங்கில். மிதித்த பிறகும் அதே ஆட்டம் இருந்தால், சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணியான கிங்பின்னில். என் வண்டியில் ஆட்டம் அப்படியே இருந்தது.

கிங்பின் பேரிங்கைக் கழற்றி, துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. “நகத்தால தடவிப் பாருங்க” என்றார். வெளி வளையத்தின் உட்புறத்தில் நகம் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனது. ஒவ்வொரு ரோலரும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் குத்தி, முடி அகலத்துக்கு ஒரு பள்ளம் போட்டிருந்தது. நேரே ஓட்டும்போது சக்கரம் எப்போதும் ஒரே நிலையில்தானே நிற்கிறது, அதனால் தேய்மானமும் அந்த ஒரே நிலையில். பள்ளத்தில் ரோலர் விழுவதும் ஏறுவதுமாக இருக்க, சக்கரம் துடிக்க ஆரம்பித்துவிடுகிறது. புது டை ராட் எண்ட் போட்டபோது கொஞ்ச நாள் நின்றதற்குக் காரணம், இணைப்பு இறுக்கமாக இருந்ததால் துடிப்பு அடங்கியது. மூலம் அங்கேயே இருந்தது.

புது பேரிங் போடும்போது அடியிலும் மேலேயும் வரும் மெல்லிய ஷிம் தகடுகள்தான் முக்கியம். தகடு அதிகமானால் ஆட்டம், குறைந்தால் ஸ்டியரிங் வளைவிலிருந்து தானாகத் திரும்பி வராது. ஸ்பிரிங் தராசு கொண்டு இழுத்து, மேனுவலில் சொன்ன எடைக்கு வருகிறதா என்று பார்த்துப் போடும் பட்டறைக்குப் போங்கள்.

கிங்பின் நன்றாக இருந்தால் அப்புறம் டை ராட் எண்ட். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சின்னதாக அசைக்க, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த இணைப்பு விரலுக்கு உடனே தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்டியரிங் பாக்ஸை சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் இதே நேரத்தில் பாருங்கள். பாக்ஸே அசைந்துகொண்டிருந்து, அதைத் தேய்மானம் என்று நினைத்துக் கழற்றிய கதை நிறைய உண்டு.

டாம்பரை மட்டும் மாற்றித் துடிப்பை அமுக்கிவிட்டு ஓட்டாதீர்கள். வளைவில் ஒரு நாள் அது விடும்.

பிரேக்: மிதி என்ன சொல்கிறது

மலை வண்டிக்கு இதைவிடப் பெரிய விஷயம் இல்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மிதியின் மேல் கால் வைத்ததும் என்ன தெரிகிறது என்பதிலேயே பதில் இருக்கிறது.

முதல் மிதியில் கீழே போகிறது, இரண்டாவது மிதியில் மேலே நிற்கிறது: ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். சக்கரத்தைத் தூக்கி, உரசும் வரை திருகி, உரசல் நிற்கும் வரை பின்னால் விடுங்கள்.

மிதித்துப் பிடித்தால் மெதுவாகத் தரையை நோக்கி இறங்குகிறது, எங்கேயும் கசிவு இல்லை: மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர். இதில் தள்ளிப்போடக் கூடாது.

பஞ்சு போல அமுங்குகிறது: காற்று. மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தள்ளி இருக்கும் சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றை எடுங்கள்.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது: எதிர்ப் பக்கச் சக்கரம் பிடிக்கவில்லை என்று பொருள். டிரம்மைக் கழற்றி ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஈரம் என்ன என்பதை மூக்கு சொல்லும். கந்தகம் கலந்த மாதிரி கெட்ட வாடை அடித்தால் அது கியர் ஆயில், அச்சின் ஆயில் சீல் போயிருக்கிறது. அந்த வாடை இல்லாமல், கை வைத்த இடத்தில் பெயின்ட் உரிகிறது என்றால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் கசிகிறது. எதுவானாலும் ஆயில் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடாதீர்கள். சூடானதும் உள்ளே இருப்பது வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்துப் புது ஷூ போடுங்கள். பழைய லைனர் தூளை வாயால் ஊதவும் வேண்டாம், ஏரும் அடிக்க வேண்டாம். பழைய சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

மிதி கல் போல இருக்கிறது, வண்டி நிற்கவில்லை: இது சூடு. ஒரு மழைக்கால மாலையில், பின்னால் மூட்டைகளும் நாலு பேருமாக இறங்கிக்கொண்டிருந்தேன். அவசரம், மூன்றாவது கியரிலேயே விட்டுப் பிரேக்கை மட்டும் பிடித்து வந்தேன். பாதி மலை இறங்கியதும் கருகிய வாடை, துணியை இஸ்திரிப் பெட்டியில் வைத்து மறந்தால் வருமே அப்படி. அடுத்த வளைவில் மிதித்தேன். மிதி உறுதியாகவே நின்றது, வேகம்தான் குறையவில்லை. இரண்டாவது கியரைத் திணித்து, அது கத்தக் கத்த வேகத்தை இறக்கி, முதல் கியரும் போட்டு, மலைச் சுவர் பக்கம் உரசுகிற மாதிரி ஒதுக்கி நிறுத்தினேன். டயருக்குக் கல் வைத்துவிட்டுப் பார்த்தால் பின் டிரம்மிலிருந்து நீலமாகப் புகை. பின்னால் இருந்த அண்ணன் ஒருவர் தண்ணீர் கேனோடு ஓடி வந்தார், தடுத்துவிட்டேன். கொதிக்கும் வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும். முக்கால் மணி நேரம் காத்திருந்துதான் கிளம்பினோம்.

ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். சாமான் ஏற்றியிருந்தால் அதற்கும் ஒரு கியர் குறைவாக. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்து ஆவியாகும், அப்போது மிதி நேரே தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள், கறுப்பாகும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஃபோர் வீல் போட்டால் விடமாட்டேன் என்கிறது

இது கோளாறே இல்லை, பெரும்பாலும். இந்த ஜீப்புகளில் முன் அச்சும் பின் அச்சும் ஃபோர் வீலில் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன, நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி) கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றிலோ சரளையிலோ டயர் சற்று வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார் சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுதும் ஷாஃப்டுகளுக்குள் ஏறிப் பல்லை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டியரிங் கனக்கும், வண்டி பிரேக் பிடித்த மாதிரி நிற்கும், லீவர் அசையாது.

லீவரைப் பைப் போட்டு இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக்கி, பத்தடி ரிவர்ஸில் வாருங்கள், கை லேசாக லீவரை இழுத்தபடி இருக்கட்டும். ‘டொக்’ என்று தானாக விழும். தார் சாலையில் ஃபோர் வீல் போடாதீர்கள் என்பதுதான் மருந்து.

எதிர்மாறாக, ஃபோர் வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை என்றால்: ஹப் லாக் (முன் சக்கரத்தை அச்சோடு பூட்டும் திருகு) மாட்டிய வண்டியானால் இறங்கி, இரண்டு பக்கமும் லாக் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஒன்று மட்டும் விட்டுப்போனாலும் இழுவை வராது, டிஃபரன்ஷியல் முறுக்கை எல்லாம் சும்மா சுற்றும் பக்கத்துக்கே அனுப்பிவிடும். கொழுக்குமலை மாதிரியான பாதைக்குக் கிளம்பும் முன்னாலேயே சமதளத்தில் பூட்டிக்கொள்ளுங்கள், சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு அதைத் திருப்புவது பெரும்பாடு. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் லீவர் தானாக வெளியே எகிறினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் குண்டும் தேய்ந்திருக்கும். முதலில் கேபினின் அடித்தகடு லீவரில் இடிக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் மவுண்ட் அமுங்கிய வண்டியில் அப்படித்தான் ஆகும்.

முன்னே, பின்னே எடுக்கும்போது அடியில் ‘டணக்’

கியர் பாக்ஸ் பக்கமிருந்து அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், அதாவது அதன் முனையில் உள்ள மூட்டு. வண்டியைச் சமதளத்தில் கல் வைத்து நிறுத்தி, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விட்டு, கீழே படுத்து ஒவ்வொரு கிராஸையும் கையால் முறுக்கிப் பாருங்கள். மூடிகளைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரி சிவப்புப் பொடி இருந்தால் சோதனையே தேவையில்லை. உள்ளே கிரீஸ் வற்றி, ஊசி பேரிங் துருவாகி வெளியே வந்துகொண்டிருக்கிறது.

கிராஸ் மாற்ற ஷாஃப்டைக் கழற்றும் முன், சறுக்கும் பகுதியிலும் ஃபிளாஞ்சிலும் சாக்பீஸ் வேண்டாம், ஆணியால் கீறி அடையாளம் வையுங்கள். கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனை யோக்குகளும் (கவைகள்) ஒரே திசையில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் புது கிராஸோடு புது அதிர்வும் வரும், அப்புறம் கியர் பாக்ஸில் குறை தேடி அலைவீர்கள்.

வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, அல்லது நண்டு போலப் போகிறது

சாய்ந்தால் பட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பாருங்கள். முறிந்த பட்டை பெரும்பாலும் நடுவில், பட்டைகளை அச்சோடு கட்டும் யூ போல்ட் பக்கத்தில்தான் முறியும், சேறு மூடியிருந்தால் தெரியாது. பின்னால் வருபவர் “வண்டி கோணலாப் போகுதுங்க” என்றால் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கிறது. முன் பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்தால் தெரிந்துவிடும். சென்டர் போல்ட் சும்மா அறுவதில்லை. யூ போல்ட் தளர்ந்ததால் அறுந்தது. பட்டை வேலை முடிந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்டை மறுபடி இறுக்கச் சொல்வது அதனால்தான்.

ஓடையில் இறங்கி வந்த பிறகு

பிரேக் பிடிக்காது, முதலில் அதை எதிர்பாருங்கள். மெதுவாக ஓட்டியபடி மிதியை லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் லைனர் காயும். வீட்டுக்கு வந்ததும், சக்கர மையத்துக்கு மேல் தண்ணீர் வந்திருந்தால், மறுநாள் காலை அசைக்காமல் இரண்டு டிஃபரன்ஷியலின் அடி பிளக்கையும் சற்றே தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனம், இரவில் கீழே இறங்கியிருக்கும், முதல் சொட்டே சொல்லிவிடும். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் முழுதும் மாற்ற வேண்டும். தண்ணீர் எப்படிப் போனது என்றால், சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் பட்டதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாக உறிஞ்சுகிறது. அச்சின் மேல் காற்று போய்வர இருக்கும் துளையான பிரீதர் அடைத்திருந்தால் இன்னும் மோசம். ஒரு ஹோஸ் மாட்டி உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும்.

கதவு சரியாக மூடவில்லை, தரைத் தகடு ‘கரக் கரக்’ என்கிறது

இது துரு. இன்ஜினை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கி ஏற்றலாம், ஜீப்பின் ஆயுள் சேஸிஸில்தான் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சேஸிஸை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும், உள்ளே தின்றுபோன இடம் மட்டும் பூசணிக்காயைத் தட்டிய மாதிரி மங்கும். அங்கே முனையால் குத்திப் பாருங்கள். முக்கியமாகப் பின்புறக் குறுக்குச் சட்டம், பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் தாங்கிகள், பாடி மவுண்ட் உட்காரும் இடங்கள், கால்மிதிக்கு அடியில் உள்ள தரை.

ஷேக்கிள் தாங்கியில் துளை விட்டிருந்தால் மேலே தகடு ஒட்டி மூடும் வேலையை ஏற்காதீர்கள். கெட்ட இரும்பை வெட்டியெடுத்து, நல்ல இரும்பு வரை போய், அதே கனத்தில் புதிதாகச் சேர்க்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள், டீசல் டாங்க் பக்கத்தில் என்றால் டாங்கையே இறக்கிவிடுங்கள். சொந்த வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்று) முதலில் 15 வருடம், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே இந்தத் தட்டிப் பார்க்கும் வேலையை முடித்துவிடுங்கள், நல்ல வெல்டர் கிடைப்பதற்கே நாளாகும்.

வேலை முடிந்ததும் சேஸிஸ் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். அண்டர்கோட் அடிப்பவர்கள் பெரும்பாலும் அவற்றையும் சேர்த்து மூடிவிட்டுத்தான் போவார்கள்.